ஆவுடைத்தங்கம் பழக்கின நாய்

கையைப் பாத்தீக. காப்பி டம்ளரை என் மகன் வனராசு இடது கையால நீட்டுனான்ல, அப்பவே ஒங்க கண்ணு அவன் வலது கைக்குப் போயிருச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தப்பில்லை மதினி. பொண்ணைக் குடுக்கிற இடம், பாக்கத்தான் செய்யணும்.

புரோக்கர் என்ன சொன்னாரு? மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிருச்சுன்னா? அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தோம். ஆனா ஒங்க மொகத்தைப் பாத்தா எனக்குப் பொய் சொல்ல வரலை. இந்த ஊருல எவளாவது ஒங்ககிட்ட ஒண்ணுக்கு ரெண்டாச் சேத்துச் சொல்லுறதுக்கு நானே சொல்லீருதேன். வனராசும் ஒங்க அண்ணனும் தோப்பைச் சுத்திப் பாத்துட்டு வர நேரமாகும். கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது. கல்யாணமான புதுசுல கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரரு ஒண்ணு வச்சாரு. அதுல போனது. அதுக்கப்புறம் இந்த வீட்டுல உப்புக் கூடுனதே இல்லை. அதுக்குச் சொல்ல வந்தேன்.

கையைக் கடிச்சது நாய் மதினி. எங்க நாய்தான். நாங்க பழக்கின நாய்னு சொல்ல முடியாது. அதுலதான் எல்லாமே இருக்கு.

எங்க தொழிலு ஒங்களுக்குத் தெரியும்ல. தென்னை பாட்டுக்குத் தென்னை. அதோட வெள்ளை நாய் வளத்து, தோட்டக் காவலுக்குப் பழக்கிக் குடுக்கிறது. எங்க வீட்டுக்காரரு காலத்துல இருந்தே உண்டு. கம்பம், போடி, அங்கிட்டு ஏலக்காய் எஸ்டேட்டு வரைக்கும் எங்க நாய் போயிருக்கு. அவுக போன பெறகு வனராசு எடுத்துக்கிட்டான். அப்பாவை விட இவன் கண்டிப்பு. குட்டி தாயை மறந்ததும் கழுத்துல சங்கிலி. சாதாரணச் சங்கிலி இல்லை, இழுத்தா இறுகும், விட்டாத் தளரும். உக்காருன்னு ஒருதரம் சொல்லுவான். உக்காரலைன்னா சங்கிலியை மேல இழுத்துத் தொங்க விட்டுருவான். காலு தரையில பாவாம, நாக்கு நீலம் பாஞ்சு போகும். அப்புறம் விடுவான். மறுதரம் அது கேட்டுத்தானே ஆகணும்? கேக்காட்டி மோட்டாருல இருந்து கழட்டின பழைய பெல்ட்டு இருக்கும், அதை எடுப்பான். அந்தா, அந்த ஆணியில தொங்குது பாருங்க, அதுதான்.

பாக்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா அடிச்ச கையாலயே சாயங்காலம் சோறும் வைப்பான்ல. அப்பத்தான் நாய்க்கு ஒரு புத்தி வரும். அடிக்கிறதும் இவன், சோறு போடுறதும் இவன், இவனை விட்டா நமக்கு நாதி இல்லைன்னு. எங்க பெரிய நாய் ஒண்ணு இருந்துச்சு, எல்லாக் குட்டிக்கும் தாய். வனராசு செருமினாப் போதும், தரையோட தரையாப் படுத்து மூத்திரம் போயிரும். அப்படி ஒரு மரியாதை.

இந்த வீட்டுக்குத்தான் வனராசுக்கு மொதப் பொண்டாட்டியா ஆவுடைத்தங்கம் வந்தா. சங்கரன்கோவில் பக்கம். அவ அப்பன் கிடை போட்டு ஆடு மேய்க்கிறவன். ஆட்டுக்குப் பின்னால நாயோட திரிஞ்சு வளந்தவ. வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தா. அப்புறம் வாய் வச்சா. நாயைத் தொங்க விட்டா ஓடி வருவா, அவன் கையில இருக்கிற சங்கிலியைப் பிடிச்சு இழுப்பா. வனராசு சும்மா விடுவானா? நாய்க்கு விழுக வேண்டியது இவளுக்கு விழுகும். ஒருதரம் பெல்ட்டு கண்ணுக்குக் கீழ பட்டு, மொகம் இட்லி மாதிரி வீங்கிப் போச்சு. நானே வெந்நி ஒத்தடம் குடுத்தேன். குறுக்க வந்தா இப்படித்தான், நீ சமையக்கட்டுல கெடன்னேன். அவ சொன்னா, "அத்தை, நாய் வலிக்குன்னுதான் படுக்குது. படுக்கணும்னு தெரிஞ்சு படுக்கலை"ன்னு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. எப்படியோ படுத்துச்சா இல்லையா? அதுதானே வேணும்?

இந்த நேரத்துல பெரிய நாய் குட்டி போட்டுச்சு. அதுல ஒரு குட்டி சுண்ணாம்பு கணக்கா வெள்ளை, மூக்கு ரோஸ் கலரு. கம்பத்துல இருந்து ஒரு எஸ்டேட்டுக்காரரு அதைப் பாத்துட்டு, நல்லாப் பழக்கி வையி, வளந்ததும் நான் எடுத்துக்கிறேன்னாரு. வனராசுக்குப் பெருமை தாங்கலை. ஆனா அந்தக் குட்டிக்கு என்ன சொன்னாலும் ஏறலை. உக்காருன்னா நிக்கும். வான்னா வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கும். அது பிடிவாதம்னான் இவன். பிடிவாதம் பிடிக்கிற நாயை அப்படியே விட்டுற முடியுமா? சங்கிலி, பெல்ட்டு, தென்னை மட்டை, எல்லாம் பாத்துட்டான். ஒரு நாள் கிணத்துத் தொட்டியில தலையை முக்கிப் பிடிச்சான். தண்ணி கொப்புளிச்சு அடங்குற நேரம் தூக்குவான், அது மூச்சு வாங்கி முடிக்குமுன்ன மறுபடி முக்குவான். ஆவுடை அவன் முதுகுல குத்துதா, சட்டையைக் கிழிக்கா. திரும்பி ஒரு எத்து எத்தினான். தொட்டி விளிம்புல இடிச்சு முன்பல்லு ஒண்ணு போச்சு. வாயெல்லாம் ரத்தத்தோட அந்தக் குட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில உக்காந்துக்கிட்டா.

அங்க இருக்கும்போதுதான் கண்டுபிடிச்சிருக்கா. குட்டி தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. இவ கை பட்டுப் பால் வாளி விழுந்து உருண்டிருக்கு. மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடப் பாத்திருக்கு. குட்டி அசையலை. அப்புறம் தட்டு எடுத்துத் தலைமாட்டுல அடிச்சுப் பாத்திருக்கா. அதுக்கும் அசையலை. ஓடி வந்து சொன்னா, "அதுக்குக் காது கேக்காது. பெறவியிலயே கேக்காது. எங்க பக்கத்துலயும் முழு வெள்ளைக் குட்டிக்கு இப்படி வரும்"னு.

வனராசு நம்பலை. நானும்தான் நம்பலை. காது கேக்காதுன்னா அடிச்சா மட்டும் ஏன் கத்துதுன்னு கேட்டேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

அன்னையில இருந்து அவ தனியா ஒரு பழக்கம் ஆரம்பிச்சா. வனராசு காலையில தேங்காய் வெட்டுக்குப் போனதும் கொட்டகைக்குப் பின்னால போயிருவா. முந்தியில கருவாட்டுத் துண்டை முடிஞ்சு வச்சிருப்பா. நான் ஜன்னல் வழியாப் பாப்பேன். தரையில காலால தட்டுவா. அந்த அதிர்வுல நாய் திரும்பிப் பாக்கும். பாத்ததும் ஒரு துண்டு. உள்ளங்கையைக் கீழ காட்டுவா. நாய் என்னென்னமோ பண்ணும், சுத்தும், குதிக்கும், ஒண்ணுக்கும் அடிக்க மாட்டா, சும்மா நிப்பா. எப்பவாவது அதுவா வயித்தைத் தரையில வைக்கும். வச்ச மறுநிமிசம் கருவாடு. சிரிப்பு வேற, தலையை ஆட்டிக்கிட்டு. அந்தப் பல்லு போன வாயால அவ சிரிச்சு நான் அப்பத்தான் பாத்தேன். எங்ககிட்டச் சிரிச்சதில்லை.

நாய் அவ கையையும் மொகத்தையும் பாத்தே வளந்துச்சு. படுக்கச் சொல்ல ஒரு கை, வரச் சொல்ல ஒரு கை, வாயில கவ்வினதை விடச் சொல்ல அஞ்சு விரலையும் விரிச்சு ஒரு கை. அதுக்குப் பவுனுன்னு பேரு வேற வச்சா. காது கேக்காத நாய்க்குப் பேரு. விக்கிற நாய்க்கு நாங்க பேரு வைக்கிறதே கிடையாது மதினி.

வனராசுக்கு இது தெரியாதான்னு கேப்பீக. நான்தான் சொன்னேன். பெத்த மகன்கிட்ட மறைக்க முடியுமா? அன்னைக்கு அவளுக்கு விழுந்துச்சு. அடிச்சுட்டு, இனிமே அதுக்குக் கருவாடு குடுத்தா ஒனக்குச் சோறு கிடையாதுன்னுட்டான். சரின்னா. மறுநாளும் போனா. இவனும் விடலை. கையில சாக்கைச் சுத்திக்கிட்டு, ஓங்கி ஓங்கி நாய் மூஞ்சிக்கு நேரா அடிக்கப் போவான். அது பயந்து போய்ச் சாக்கைக் கவ்வும். கவ்விக்கிட்டாத்தான் அடிக்க மாட்டான். கவ்வாம ஒதுங்குனா மறு கையால பெல்ட்டு. காவல் நாய்க்கு அந்தப் பழக்கம் வேணும்ல, திருடன் கையை ஓங்குனாப் பிடிக்கணும்ல. அந்த ஒரு பாடத்தை மட்டும் அது சீக்கிரம் கத்துக்கிருச்சு.

எஸ்டேட்டுக்காரரு நாயை எடுத்துட்டுப் போக வந்தாரு. நல்ல வெயிலு, மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜீப்பை வெளிய நிறுத்திட்டு, எங்க, காட்டு பாப்போம்னு நாற்காலியில உக்காந்தாரு. வனராசு நாயை அவுத்துட்டு உக்காருன்னான். அது தூரத்துல ஒரு காக்காயைப் பாத்துக்கிட்டு நிக்குது. வான்னான். வரலை. தொண்டை கிழியக் கத்துனான். எஸ்டேட்டுக்காரரு சிரிக்க ஆரம்பிச்சாரு. "ஏப்பா, இது ஒன்னைய மனுசனாவே மதிக்க மாட்டேங்குதே"ன்னாரு. என் மகன் மொகம் செத்துப் போச்சு மதினி. பெல்ட்டை எடுத்து அவரு முன்னாலயே வெளுத்தான். நாய் சுருண்டு விழுந்து வட்டம் சுத்துது. முதுகுத் தோலு கீறி, வெள்ளை முடியில ரத்தம் வரி வரியா நிக்கி.

சமையக்கட்டுல இருந்து அவ வந்தா. வந்து, அந்நிய ஆம்பளை உக்காந்திருக்கான்னு ஒரு கூச்சம் இல்லாம, "அதுக்குக் காது கேக்காதுங்க. நான் காட்டுதேன்"னா. அவரு, "காட்டும்மா"ன்னாரு. தரையைக் காலால ரெண்டு தட்டுத் தட்டுனா. அவ்வளவு அடி வாங்கின நாய் எந்திரிச்சு அவ கையைப் பாத்து நின்னுச்சு. கையைக் கீழ காட்டுனா, படுத்துச்சு. தள்ளிப் போய் நெஞ்சுல கை வச்சா, ஓடி வந்து காலடியில உக்காந்துச்சு. எஸ்டேட்டுக்காரரு எந்திரிச்சு நின்னுட்டாரு. "ஏப்பா, தொழிலை ஒன் பொண்டாட்டிகிட்ட விட்டுரு. நீ சமையலைப் பாரு"ன்னாரு. வேடிக்கையாத்தான் சொன்னாரு. அடுத்த வாரம் ஆளோட வந்து, அந்தக் கை சாடையெல்லாம் கத்துக்கிட்டு நாயை எடுத்துட்டுப் போறேன்னு கிளம்பிட்டாரு.

ஜீப்பு தோப்பைத் தாண்டுற வரைக்கும் வனராசு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் உள்ள வந்தான்.

முதல் அடியிலயே அவ சுவத்துல போய் விழுந்தா. கொண்டையைப் பிடிச்சு முற்றத்துக்கு இழுத்துட்டு வந்தான். எவன் முன்னாடி என்னையக் கேவலப்படுத்துறன்னு கேட்டுக் கேட்டு மிதிச்சான். நான் போதும்டான்னு சொன்னேன். சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். வயித்துல மிதிக்காதடான்னும் சொன்னேன். அவ எந்திரிக்கப் பாத்தா. இவன் பெல்ட்டைச் சுத்திக் கையை ஓங்குனான்.

நாயைக் கட்டவே இல்லை மதினி. அந்தக் கூத்துல எல்லாரும் மறந்துட்டோம்.

எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. குரைக்கலை. ஓங்குன கையை அப்படியே அந்தரத்துல கவ்விருச்சு. மணிக்கட்டுக்குக் கீழ, உள்ளங்கையோட சேத்து. இவன் உதறுதான், அது அவன் கூடவே காத்துல சுத்துது, விடலை. எலும்பு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. இந்த ஒத்தைக் காதுலயே எனக்குக் கேட்டுச்சு. விடு, விடுன்னு அலறுதான். அதுக்கு என்ன தெரியும்? நான் மம்பட்டியை எடுத்துக் காம்பால அது நடு முதுகுல போட்டேன். போடப் போட இன்னும் இறுக்குது. அது பல்லைக் கடிச்சு இழுக்க இழுக்க ஒரு விரலு அத்து விழுந்துருச்சு, இன்னொண்ணு தோல்ல தொங்குது. ரத்தம் என் மொகத்துல அடிக்குது.

அப்பத்தான் வனராசு அவளைப் பாத்தான். "தங்கம், விடச் சொல்லு"ன்னான். கல்யாணமாகி அவ பேரை அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தங்கம், விடச் சொல்லு தாயி"ன்னு அழுதான்.

அவ நின்னா. ஓடி வரலை மதினி. ரொம்ப நேரம்னு சொல்ல முடியாது. ஆனா நின்னா. ஒடைஞ்ச வாயைப் புறங்கையால துடைச்சுக்கிட்டு, அவனைப் பாத்துக்கிட்டு நின்னா. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அப்புறம் தரையைத் தட்டுனா. நாய் கண்ணை மட்டும் திருப்பிச்சு. அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டுனா. விட்டுருச்சு. விட்டுட்டுப் போய் அவ முன்னால உக்காந்து, ரத்த வாயோட அவ மொகத்தையே பாத்துச்சு. இதைத்தான் கேக்கணும் நீங்க. அவ என்ன செஞ்சா தெரியுமா? முந்தியை அவுத்தா. ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து அது வாயில குடுத்தா.

என் மகன் விரலு தரையில கெடக்கு. இவ நாய்க்குத் தின்னக் குடுக்கா. அடிப்பாவி, என்னடி பண்ணுறன்னேன். "விடுன்னதும் விட்டுச்சுல்ல அத்தை"ன்னா.

பெறகு துண்டைக் கிழிச்சு அவன் கைக்குக் கட்டுப் போட்டதும் அவதான். இல்லைங்கலை. இறுக்கிக் கட்டி, கையை ஒசத்திப் பிடிங்கன்னு சொல்லி, ரோட்டுல போய் ஆட்டோவை நிறுத்திக் கூட்டிட்டு வந்ததும் அவதான். ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு, கட்டுன சேலையோட வாய்க்கால் கரையில நடந்துட்டா. சங்கிலி இல்லாம, கயிறு இல்லாம அந்த நாய் பின்னாலயே போச்சு. நான் ஆட்டோவுக்குள்ள இருந்து பாத்தேன்.

ரெண்டு விரலு போச்சு. மத்த விரலு மடங்காது. மதுரையில வச்சு ஆபரேசன் பண்ணி இந்த அளவுக்குக் கொண்டு வந்தோம். அவன் வீடு திரும்புனப்போ பெரிய நாய் வாலை ஆட்டிக்கிட்டு வந்து கட்டுப் போட்ட கையை மோந்து பாத்துச்சு. அதுக்கு என்ன தெரியும், எசமான் வந்துட்டான்னு வந்துச்சு. இது வயித்துல பெறந்ததுதானே அதுன்னு அவனுக்கு ஆத்திரம். தென்னையில கட்டி வச்சு, இடது கையால இரும்புக் குழாயை எடுத்தான். பழக்கமில்லாத கையி, சரியா விழுகலை, அதனால ரொம்ப நேரம் ஆச்சு. அது ஒரு சத்தம் போடலை மதினி. பல்லைக் காட்டலை. ஒவ்வொரு அடிக்கும் தரையோட தரையாப் படுத்து வாலை ஆட்டுச்சு. கடைசி வரைக்கும் ஆட்டுச்சு. அதுதான் பழக்கம்ங்கிறது. ரெண்டு நாயையும் ஒப்பிட்டுப் பாருங்க, எது நல்லாப் பழகின நாய்னு நீங்களே சொல்லுங்க.

அவ ஊருல கூட்டம் போட்டாக. நாயை ஏவி விட்டியாம்மான்னு பெரிய மனுசங்க கேட்டாக. அவ சொன்னா, "ஏவலை. நான் கையைக் காட்டுனதும் அது விட்டுருச்சு. இவுககிட்ட எத்தனை வருசமாக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன், கேட்டுப் பாருங்க"ன்னு. அவ்வளவுதான் பேச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. கல்யாணத்தைத் தீத்து விட்டாச்சு, கோர்ட்டுலயும் முடிஞ்சிருச்சு. இப்ப ஆட்டுக் கிடைக்கு நாய் பழக்கிக் குடுக்காளாம். நல்லா இருக்கட்டும்.

வனராசு இப்ப நாய் வளக்கிறதில்லை. வீட்டுல ஒண்ணும் இல்லை, நானும் அவனும்தான். ஒங்க பொண்ணு அதிர்ந்து பேசாது, பயந்த சுபாவம்னு புரோக்கர் சொன்னாரு. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இதுவா? இது ஒண்ணுமில்லை. கழுத்துல ரத்தம் கட்டி ஒரு சின்னக் கன்னிப்பு. சேலையை இழுத்து விட்டுத்தான் உக்காந்திருந்தேன், எப்படித்தான் பாத்தீகளோ. அவன் வேணும்னு செய்யுறதில்லை மதினி. வலது கைன்னா அவனுக்கு ஒரு அளவு தெரியும். இந்த இடது கைக்கு இன்னும் அளவு பிடிபடலை. வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்துட்டா எல்லாம் சரியாயிரும்.

ஏன் எந்திரிச்சிட்டீக? காப்பி அப்படியே இருக்கு. பொண்ணு போட்டோவை எதுக்குப் பைக்குள்ள வைக்கீக, அவன் இன்னும் பாக்கவே இல்லையே. அந்தா, ரெண்டு பேரும் வாராக. உக்காருங்க மதினி. சித்த நேரம் உக்காந்து, சிரிச்சாப்புல ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. இப்பப் பொசுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டீகன்னா, ஒங்ககிட்ட என்ன சொன்னேன்னு என்னையத்தான் கேப்பான்.